பகலில் பட்டறை, இரவில் பாடம்

(அறவாரியத்தின் கல்வி உதவிநிதி வழங்கும் விழாவில், ஈப்போவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பொறியியல் கல்வியும் நம் இளைஞர்களும்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பு பெரியது, நேரம் சிறியது. ஆகவே தலைப்பின் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். அந்த மூலையை எனக்குக் காட்டியவர் புந்தோங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண். சென்ற மாதம் நம் அறவாரியத்தின் உதவிநிதிப் பாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஒரு தொழிற்சாலையில் மின்துறைப் பயிற்சியாளராக இருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் தொழிற்சாலை, ஒரு நாள் வகுப்பு. பாரத்தின் மூன்றாம் கட்டத்தில், சேர்ந்துள்ள பல்கலைக்கழகம் அல்லது கல்லூரியின் பெயர் கேட்கப்பட்டிருக்கிறது. நான்காம் கட்டத்தில், விண்ணப்பதாரர் வேலை செய்பவரா என்று கேட்கப்பட்டிருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அங்கிள், நான் படிக்கிறவளா, வேலை செய்யிறவளா? எதை எழுதட்டும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் 1979-ஆம் ஆண்டில் இதே கேள்வியோடு நானும் ஒரு மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டினார். அப்பாவுக்கு என்ஜின் கொட்டகையில் வேலை. பகலில் அந்த டீசல் என்ஜின் பெல்ட் மூலமாகத் தோட்டத்துத் தொழிற்சாலையின் ரோலர்களைச் சுற்றும். ஆசிட் ஊற்றி உறையவைத்த பால் அந்த ரோலர்களுக்கிடையே போய்த் தகடாகிப் புகைக்கூண்டுக்குப் போகும். மாலை 6 மணிக்கு மேல் மின்சாரம். லயங்களுக்கு இரவு 10 மணி வரைதான் விளக்கு. பத்தடித்தால் அப்பா நிறுத்திவிடுவார். ஒரு நிமிடம் முன்பின் கிடையாது.

ஐந்தாம் படிவத் தேர்வுக்கு நான் படித்த காலம். ஒரு நாள் அப்பாவிடம், "ஒரு அரை மணி நேரம் சேர்த்து ஓட்டினா என்னப்பா?" என்று கேட்டேன். "அது தோட்டத்து எண்ணெய்டா" என்றார். அவ்வளவுதான். மறுநாள் டவுனுக்குப் போய்ச் சொந்தக் காசில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வாங்கிவந்தார். பத்து மணிக்கு என்ஜினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த விளக்கைத் துடைத்து ஏற்றி என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால், "இன்னிக்கு என்ன படிச்சே, சொல்லு" என்பார். நான் டீசல் என்ஜின் பாடத்தைச் சொன்னால் அவர் புகையைச் சொல்வார். கறுப்புப் புகை வந்தால் சுமை கூடிவிட்டது, அல்லது எண்ணெய் அதிகம் போய்க் காற்றுப் போதவில்லை. நீலப் புகை வந்தால் ரிங் தேய்ந்து மசகெண்ணெய் உள்ளே எரிகிறது. வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் சரியாகப் பற்றவில்லை. இதையெல்லாம் நான் பின்னாளில் தடித்த புத்தகங்களில் படித்தேன். அப்பா சொன்னதற்கு மாறாக எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை.

அப்பாவைப் பற்றிப் பிறகு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நாட்டின் முதல் பாலிடெக்னிக், யுனெஸ்கோ உதவியோடு 1969-இல் தொடங்கியது, இங்கே ஈப்போவில்தான் இருக்கிறது. என் தேர்வுப் புள்ளிகள் அதற்குப் போதவில்லை. என் புள்ளிகள் எதற்குப் போதுமென்று யாரும் சொல்லித் தரவுமில்லை. தோட்டத்துக் கிராணி ஒருவர்தான், ஈப்போவில் ஈயச் சுரங்கங்களுக்கு இயந்திரம் செய்யும் ஒரு பட்டறையில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள் என்று சொன்னார். எங்கள் தோட்டத்திலிருந்து இருவர் போனோம். நானும், எதிர் லயத்தில் இருந்த என் நண்பனும். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன் அவன். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இது தெரியும். இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் 110 வெள்ளி.

அப்போது கிந்தாப் பள்ளத்தாக்கு உலகத்தின் ஈயக் களஞ்சியமாக இருந்தது. இன்றைய பிள்ளைகள் பலருக்கு ஈயக் குட்டைகள்தாம் தெரியும். அந்தக் குட்டைகள் எப்படி வந்தன என்று தெரியாது. சுரங்கத்தில் பீரங்கிபோன்ற ஒரு குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரைக் கரைப்பார்கள். கரைந்த சேறு ஒரு பள்ளத்தில் சேரும். அதைக் கிரேவல் பம்பு என்னும் பெரிய பம்பு உறிஞ்சி, உயரத்தில் கட்டிய பாலோங் என்னும் நீண்ட சரிவுத் தொட்டிக்கு ஏற்றும். மணல் ஓடிவிடும், கனமான ஈய மணல் தங்கிவிடும். இதில் பாடுபடுவது பம்புதான். கல்லும் மணலும் அதன் உள்ளிருக்கும் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே இம்பெல்லரையும் உறைகளையும் ஓயாமல் புதிதாக வார்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அதுதான் எங்கள் பட்டறையின் பிழைப்பு.

என்னை மரமாதிரி செய்யும் பகுதியில் போட்டார்கள். இரும்பு வார்ப்பதற்கு முன் அதே உருவத்தை மரத்தில் செய்து, மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். அங்கே ஒரு வயதான சீனர், எங்களுக்கெல்லாம் சீஃபு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கண்டனீஸ் தெரியாது. இருவருக்கும் பொது, கடைத்தெரு மலாய். "தெங்கோ டுலு, தாஞா பெலாக்காங்" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். முதலில் பார், கேள்வியைப் பிறகு கேள் என்று பொருள். மூன்று மாதம் கூட்டிப் பெருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவருடைய அளவுகோலை எடுத்து ஒரு பலகையை அளந்தேன். என்னிடமிருந்த அளவுகோலோடு ஒத்துவரவில்லை. ஓர் அடிக்கு ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அதிகம். பாவம், கிழவர் தப்பான கோலை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார் என்று நினைத்து, ஸ்டோருக்குப் போய்ப் புதுக் கோல் ஒன்று வாங்கிவந்து அவர் மேசையில் வைத்தேன். பட்டறையே சிரித்தது. சீஃபு மட்டும் சிரிக்கவில்லை. வார்த்து ஆறிப்போன ஓர் இரும்புத் துண்டையும் அதன் மரமாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் புதுக் கோலையே கொடுத்து அளக்கச் சொன்னார். இரும்பு மரத்தைவிடச் சிறியதாக இருந்தது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்தே அவருடைய கோலில் கோடு போட்டிருக்கிறார்கள். வார்ப்பிரும்புக்கு ஒரு கோல், எஃகுக்கு வேறு கோல். எஃகு இன்னும் அதிகமாகச் சுருங்கும்.

அடுத்த ஆண்டு மாலை வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வெப்ப விரிவுக்கான சூத்திரத்தை எழுதினார். வகுப்பில் பாதிப்பேர் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சீஃபுவின் கோல்தான் தெரிந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் விவரிக்கத் தெரியவில்லை. பட்டறையில் கையால் தொட்டதும் வகுப்பில் காதால் கேட்டதும் ஒரே பொருள் என்று தெரிந்துவிட்டது. அப்ரண்டிஸ் படிப்பின் ருசி இதுதான். முழுநேரக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இது கிடைக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் காலதாமதமாகக் கிடைக்கும்.

ருசியைச் சொன்னேன், கசப்பையும் சொல்லவேண்டும். நம்முடைய மேடைகளில் கசப்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் அதை நம்பிப் போய், முதல் ஆறு மாதத்தில் திகைத்து நிற்கிறார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வார்ப்பு நாள். உலையை மதியம் பற்றவைத்தால் கடைசி இரும்பை ஊற்றி முடிக்க இரவு எட்டாகும். பாதியில் விட்டுவிட்டு வர முடியாது, இரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. மாலை வகுப்போ ஏழு மணிக்கு. வார்ப்பு நாளும் வகுப்பு நாளும் ஒன்றாக வந்தால் வகுப்பு போயிற்று. மேற்பார்வையாளரிடம் கேட்டால், "உனக்குச் சம்பளம் பட்டறை கொடுக்குதா, பள்ளிக்கூடம் கொடுக்குதா?" என்பார். வகுப்பில் ஆசிரியரோ, "வாரத்தில் ஒரு நாள் வராதவன் தேர்வில் எப்படித் தேறுவான்?" என்பார். இருவர் கேட்பதும் நியாயம். இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தவனுக்கு வயது பத்தொன்பது. மணலும் கரியும் அப்பிய உடம்போடு வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். தூங்காமல் இருக்க நின்றுகொண்டே குறிப்பெழுதியிருக்கிறேன்.

தங்கியது புந்தோங்கில், கச்சான் பூத்தே வறுக்கும் ஒரு வீட்டின் பின்புற அறை. இரண்டு கட்டில், நான்கு பேர். இரவு வேலைக்குப் போகிறவர் எழுந்த கட்டிலில் நான் படுப்பேன். முறுக்கு வேகும் வாசனை வந்தால் விடிந்துவிட்டது என்று பொருள். நானும் என் நண்பனும் ஒன்றாகத்தான் அந்த அறையைத் தேடிப் போனோம். ஓர் இடம்தான் இருந்தது. அவன், "நீ இரு, நான் கொஞ்ச நாள் தோட்டத்திலேருந்து வந்து போறேன்" என்றான். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வருவதற்கே அரை மணி நேரச் சைக்கிள். காலை நான்கு மணிக்கு எழுவான். வகுப்பு நாளில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் நிலையத்தில் படுப்பான். பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தான். அவனுடைய தந்தையார் காய்ச்சலில் விழுந்தபோது ஒரு மாதம் விடுப்பெடுத்தான். திரும்பி வரவில்லை. லாரிக்குப் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில் நாங்கள் இருவரும் ஒரு கல்வி நிதிக்கு மனு எழுதிக்கொண்டு போனோம். எந்த நிதி என்று சொல்லவேண்டியதில்லை. இருபது வெள்ளி வாடகைக்கும் பஸ் காசுக்கும்தான் கேட்டோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, இது மாணவர்களுக்கான நிதி. நீங்க சம்பளம் வாங்குறவங்க" என்றார். விதி அப்படித்தான் இருந்தது. அவர்மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அன்று அந்த மேசையிலிருந்து எங்களோடு வெளியே வந்தது ஒரு நல்ல பொறியியலாளரின் எதிர்காலம். நான் என்னைச் சொல்லவில்லை.

1983-இல் ஒப்பந்தம் முடிந்தது. சிட்டி அண்ட் கில்ட்ஸ் தேர்வுகளை எழுதி முடித்திருந்தேன். அதற்கு மேலே ஒரு வழி அந்நாளில் இருந்தது. பிரிட்டனின் பொறியியல் சங்கங்கள் சேர்ந்து 1965-இல் அமைத்த மன்றம் ஒன்று இரண்டு பகுதிகளாகத் தேர்வு நடத்தியது. 1981-இல் தோன்றிய எஞ்சினியரிங் கவுன்சில் பின்னர் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் பகுதியைத் தேறியவருக்குப் பொறியியல் பட்டத்துக்கு நிகரான கல்வித் தகுதி. பல்கலைக்கழக வாசலை மிதிக்காமல் பொறியியலாளர் ஆவதற்கு நம் நாட்டில் எத்தனையோ பேர் இந்த வழியில் போனார்கள். துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரி மாணவர்களும் இத்தேர்வை எழுதினார்கள். அவர்களுக்கு விரிவுரையாளர்கள் இருந்தார்கள். என்னைப்போன்றவர்களுக்குப் பழைய வினாத்தாள்கள் இருந்தன. முதல் பகுதியில் கணிதத்தில் ஒரு முறை தோற்றேன். இரண்டாவது முறை தேறினேன். தோற்ற செய்தி விமானத் தபாலில் வந்த அன்று அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் இழைப்புளி தள்ளினேன். யாரிடமும் சொல்லவில்லை. சீஃபு மட்டும் மாலையில் ஒரு கோப்பை காப்பி வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு வந்தது 1985. அக்டோபர் 24-ஆம் நாள் லண்டனில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. விலையைத் தாங்கிப்பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையில் பணம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் ஈய விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பம்பு ஓடவில்லையென்றால் பம்புக்கு இரும்பு எதற்கு? 1986-இல் எங்கள் பட்டறை ஆட்களைக் குறைத்தது. நானும் போனேன், சீஃபுவும் போனார். தம் சுருக்கக் கோலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

தோட்டத்துக்குத் திரும்பி, அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனேன். "இஞ்சினியர் பால் வெட்ட வந்துட்டாரு" என்று பெரட்டுக் களத்தில் கேலி செய்தார்கள். கேலியில் பொல்லாப்பு இல்லை, ஆனால் குத்தியது. விடியற்காலையில் மரம், மதியம் தூக்கம், இரவில் அதே மண்ணெண்ணெய் விளக்கு. தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா கூட்டுக் கட்டிய பணத்தை எடுத்துக் கொடுத்தார். அது என் தங்கையின் தோட்டுக்காகச் சேர்த்தது. தங்கை இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், கணக்கு இன்னும் தீரவில்லை என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தேர்வு கோலாலம்பூரில். 1987-ஆம் ஆண்டு. அப்போது நெடுஞ்சாலை முழுதாக வரவில்லை. தாப்பா, பீடோர், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் வழியாகப் பழைய சாலைதான். என் நண்பன் அந்தச் சாலையில்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். "பஸ்ஸுக்கு ஏன் காசு? என்னோட வா" என்றான். தம்புன் பம்பளிமாஸ் ஏற்றிய லாரி. இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் நான் சூத்திரங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சிலிம் ரிவர் தாண்டியபின், ஓரிடத்தில் நான் தடுமாறியபோது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுக்கு முந்தின வரியில குறி மாறணும்" என்றான். ஏழு வருடமாகப் புத்தகத்தைத் தொடாதவன். நான் எதுவும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. விடியற்காலை புடுராயாவில் இறக்கிவிட்டு, ஒரு பம்பளிமாஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். 1988-இல் கடைசித் தாளும் தேறியது. ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் துணைப் பொறியியலாளராகச் சேர்ந்தேன். அதற்குப் பின்னுள்ளது வழக்கமான கதை.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றேன். 1991-இல் எங்கள் தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பேராவில் பல தோட்டங்களுக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேர்ந்தது. லயங்களுக்கு வெளி மின்சாரம் வந்துவிட்டது. என்ஜின் கொட்டகையைப் பூட்டினார்கள். இருபத்திரண்டு ஆண்டு அந்த என்ஜினைத் தூரத்திலிருந்து சத்தத்தைக் கேட்டே நோய் சொன்னவர் அப்பா. இயந்திரம் ஓட்டுவதற்குரிய தகுதிச் சான்றிதழ் அவரிடம் இல்லை. எழுதச் சொல்லி யாரும் அவரை அனுப்பவுமில்லை. புதிய நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது ஜாகா வேலை. பூட்டிய கொட்டகைக்குக் காவல். அந்த ஆண்டில் நான் வேறோர் ஆலையில் கொதிகலனுக்குப் பொறுப்பாக இருந்தேன், காகிதத்தின் பலத்தில். அப்பாவுக்குத் தெரிந்ததில் பாதிகூட அன்று எனக்குத் தெரியாது.

இனி இன்றைய நிலைமை. வேலையும் பட்டமும் ஒன்றாகப் போவது உலகத்தில் இப்போது மதிப்புக்குரிய வழியாகிவிட்டது. ஜெர்மனியில் தொழிற்சாலையும் பள்ளியும் சேர்ந்து ஆளை உருவாக்குவது நெடுநாள் வழக்கம். பிரிட்டனில் 2015 முதல் பட்ட அப்ரண்டிஸ் முறை வந்திருக்கிறது. முதலாளி சம்பளம் கொடுக்கிறார், படிப்புக் கட்டணம் மாணவர் தலையில் விழுவதில்லை, முடிவில் பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கிறது. எங்களை அலைக்கழித்த வகுப்பு நேரம், அங்கே வேலை நேரத்துக்குள்ளேயே ஒப்பந்தப்படி ஒதுக்கப்படுகிறது. நம் நாட்டில் 2005-இல் தேசிய இரட்டைப் பயிற்சி முறை தொடங்கியது. அதில் 70 முதல் 80 விழுக்காடு தொழிற்சாலை, மீதி பயிற்சி நிலையம். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதன் மேல் திறன் டிப்ளோமா, உயர்நிலை டிப்ளோமா என ஐந்து படிகள். அதிலிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகலாம். பட்டப்படிப்புக்குச் சேர, 21 வயது நிறைந்தவர்களுக்கு வேலை அனுபவத்தையே தகுதியாக எடைபோடும் ஏற்பாடும் இருக்கிறது.

பெற்றோர்கள் ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பொறியியல் பட்டம் வேறு, பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் வேறு. 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பொறியியலாளர் வாரியத்தில் நிபுணத்துவப் பொறியியலாளராகப் பதிவதற்கு, அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் வேண்டும். தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர் தொழில்நுட்பவியலாளராகப் பதிவுசெய்துகொள்ளலாம். அதற்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தனி வாரியமே இருக்கிறது. இரண்டும் நல்ல வாழ்க்கைதான். ஆனால் எதில் ஏறியிருக்கிறோம் என்று பஸ்ஸில் உட்காரும் முன்பே பலகையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சேர்வதற்கு முன், அந்தக் குறிப்பிட்ட படிப்பை எந்த வாரியம் ஏற்றிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

அறங்காவலர்களுக்கு ஓர் உதாரணம் சொல்ல ஆசைப்படுகிறேன். கோயம்புத்தூரில் பீளமேடு. அங்கே ஒரு குடும்பத்தில் நான்கு சகோதரர்கள் 1926-இல் சொத்துப் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. அதுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். அந்த அறநிலையம் 1951-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியில், சாண்ட்விச் படிப்பு என்று ஐந்தாண்டுப் பொறியியல் பட்டம் ஒன்று வந்தது. மாணவர்கள் வகுப்பும் தொழிற்கூடமுமாகப் படிப்பார்கள். அந்தத் தொழிற்கூடமும் அறநிலையத்துக்குச் சொந்தமானது. நான் ஒரு முறை அங்கே போயிருக்கிறேன். வார்ப்பட மணலின் வாசனை வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. தருமப் பணத்தில் உலை வைக்கலாம் என்று நினைத்தார்களே, அந்த நினைப்பைத்தான் நான் வியக்கிறேன். நாம் உலை வைக்க வேண்டாம், அவ்வளவு வசதி நமக்கில்லை. விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

தொழில் பழகும் பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் பெரிய தொல்லை அல்ல. தொல்லை முதல் மூன்று மாதம். அறைக்கு முன்பணம், பாதுகாப்புச் சப்பாத்து, பஸ் காசு, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. அந்த மூன்று மாதத்தில்தான் பிள்ளைகள் கழன்றுகொள்கிறார்கள். நம் நிதியோ முதல் பருவத் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கப்படுகிறது. பணம் வரும்போது பிள்ளை லாரிக்குப் போய்விட்டிருக்கும். லாரி ஓட்டுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. என்னைத் தேர்வுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு லாரிதான். இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒப்பந்தக் கடிதத்தைச் சேர்க்கைக் கடிதத்துக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளுங்கள். சிறு தொகையானாலும் முதல் மாதத்திலேயே கொடுங்கள். ஏமாற்றுவார்களே என்று ஓர் அறங்காவலர் கேட்டார். சிலர் ஏமாற்றுவார்கள். அதற்காக அறைக்குப் பதிலாகப் பஸ் நிலையத்தில் படுப்பவனை விட்டுவிடலாமா என்று நான் அவரைத் திருப்பிக் கேட்டேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர், யோசிக்கட்டும்.

புந்தோங் பெண்ணின் பாரம் இதோ என் பையில் இருக்கிறது. மற்றக் கட்டங்களையெல்லாம் அவரே அழகான கையெழுத்தில் நிரப்பிவிட்டார். மூன்றாம் கட்டத்தையும் நான்காம் கட்டத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறோம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இம்மாதம் 30. கூட்டம் முடிந்ததும் தலைவர் அவர்களிடம் கொடுக்கிறேன். அந்த இரண்டு கட்டங்களிலும் என்ன எழுதலாம் என்பதை அறவாரியம் சொல்லட்டும்.